நாற்பது கிராம் கீரை

ஜூலை 8, திங்கள்

இன்று கோவை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா என்னைப் பார்த்து, வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா சொன்னாள்: கீரையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை, முட்டைக்கோஸ் வாங்குவதே இல்லை. நடக்கிறாயா என்று கேட்டதற்கும் அம்மாதான். "எங்கீங்க, மாடிப்படி ஏறக்கூட நான் உடறதில்லீங்க." தினமும் காலையில் அம்மா பால் வாங்கப் போகும் இருபது நிமிடமும் நான் மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடக்கிறேன். அதையும் நான் சொல்லவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. என் காலைப் பற்றி என் வாயிலிருந்து இன்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

நடக்க வேண்டும் என்றார் டாக்டர். தைராய்டு வேகமாக ஓடியபோதுதான் வேண்டாம் என்றேன், இப்போது நாடி எண்பதுக்கு வந்துவிட்டது, நடந்தால்தான் காலுக்கு நல்லது என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் அந்த டாக்டரா வந்து நிற்பார் என்று கேட்டாள்.

இந்த நோட்டில் கதை எழுதப் போவதில்லை. ஆனாலும் வருடங்கள் கழித்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டும். ஏப்ரலில் இடது கெண்டைக்கால் வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. காரணம் கழுத்தில் இருந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் ரத்தம் சீக்கிரம் உறையுமாம். அதை அடக்கக் காலையில் ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாலை ஆறு மணிக்கு ஒன்று. புது வகை மாத்திரையால் எனக்குத் தடிப்புத் தடிப்பாக வந்ததால் பழைய வகை. அது கீரையோடு சண்டை போடும். கீரை கூடினால் அதன் வேலை குறையும். அதனால் வாராவாரம் தாராபுரத்தில், எங்கள் ஊர் லேப்பிலேயே ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்று ஓர் எண் பார்ப்பார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். இன்று 1.6. ஐந்து மில்லிகிராம் ஆறாகியது. தைராய்டு அடங்க அடங்க இந்த மாத்திரை கூடுதலாகத் தேவைப்படும், எதிர்பார்த்ததுதான் என்றார்.

"ஏத்தாம இருக்க முடியாதுங்களா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

எண் தொடர்ந்து நான்கு வாரம் நடுவில் நின்றால் வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் தருவார்கள். உடுமலை நூற்பாலையின் தரப் பரிசோதனைக்கூடத்தில் என் இடத்தை மயில்சாமி சார் ஆயுத பூஜை வரை பிடித்து வைத்திருக்கிறார். அதற்குமேல் வேறு ஆள். அம்மாவும் மாமாவும் ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது: தாராபுரத்திலேயே இருந்து வீட்டில் டியூஷன் எடுக்கட்டும், மில் தூசியும் வேண்டாம், விடுதிச் சோறும் வேண்டாம்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

மாத்திரைகளை அம்மா அப்பாவின் பழைய டப்பாவில்தான் போட்டு வைக்கிறாள். ஏழு கிழமைக்கு ஏழு மூடி. ஞாயிறு மூடி உடைந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முடி கொத்தாகக் கொட்டுகிறது, தைராய்டு செய்யும் இன்னொரு வேலை. அதற்காக அம்மா கறிவேப்பிலைப் பொடி இடித்திருக்கிறாள். மதியம் முதல் பிடி சோற்றை நல்லெண்ணெய் விட்டுப் பொடியோடு பிசைந்து உருண்டையாகக் கையில் வைக்கிறாள். கசக்கிறது. கறிவேப்பிலை கொஞ்சம் சேர்த்தால் பாதகமில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஜூலை 15, திங்கள்

2.2.

மில்லில் செய்வதுபோல் வரைபடத்தாளில் கோடு போட்டேன். கீழே தேதி, பக்கவாட்டில் எண். இரண்டில் ஒரு சிவப்புக் கோடு, மூன்றில் ஒரு சிவப்புக் கோடு. நூலின் தடிமனுக்கு நான் ஐந்து வருடம் போட்ட அதே கோடுகள். நூல் நானாகியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 22, திங்கள்

2.7. லேப் வாசலிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு ஏறிப்போச்சா?" என்றாள். ஏறுவதுதானே வேண்டும் என்றேன். அவள் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மதியம் சாப்பிடவில்லை. விரதமாக இருக்கும்.

ஜூலை 29, திங்கள்

1.7. ஆறு, ஏழாகியது.

பேருந்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் தடித்த ருஷ்ய நாவல், எண்ணூறு பக்கம். அதில் எல்லோருக்கும் காய்ச்சல் வருகிறது, ஒருவருக்கும் எண் வருவதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அமராவதியில் முழங்கால் தண்ணீர். அம்மா முளைப்பாரி விட்டாள், எனக்கு மஞ்சள் கயிறு கட்டினாள். திரும்பும்போது ஆட்டோவில் ஏறச் சொன்னாள். நான் ஏறவில்லை. ஆட்டோக்காரர், அம்மா, பக்கத்து வீட்டுச் செல்வாக்கா மூவரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்தே வீட்டுக்கு வந்தேன். இரண்டு கிலோமீட்டர். அம்மா ஆட்டோவை என் பின்னாலேயே நடைவேகத்தில் வரச் சொல்லியிருந்தாள். ஊர்வலம் போவதுபோல் இருந்திருக்கும்.

கட்டி எங்கும் நகரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

2.3.

ஆகஸ்ட் 12, திங்கள்

2.8. பொடி உருண்டை பெரிதாகிவிட்டது. இரண்டு உருண்டை. முடி கொட்டுவது அப்படியொன்றும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

1.6.

ஆரம்பித்த இடத்துக்கே வந்தாகிவிட்டது. தைராய்டு ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, போன மாதமும் சரியாகத்தான் இருந்தது. இனி அதைக் காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். அம்மா, நானே கையால் கொடுக்கிறேன் என்றாள். எட்டு மில்லிகிராம். இதற்கும் நிற்காவிட்டால் வயிற்றில் தினமும் ஊசி, சான்றிதழ் பேச்சை அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஏழரை வாரம். நான்கு நல்ல வாரம் தேவை. என் கையில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மயில்சாமி சார் பார்க்க வந்தார். அம்மா காப்பி போட உள்ளே போனாள். சார் உடம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றார். மில்லில் எந்த இயந்திரத்தின் தாளையும் அப்படித்தான் பார்ப்பார்.

"இது எந்த மெசினு?" என்றார்.

"நானுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். ஏற்றம், ஏற்றம், சரிவு. ஏற்றம், ஏற்றம், சரிவு.

"தானா மாறுனா இப்படி மாறாது கண்ணு. இது ரம்பம். ஒவ்வொரு தடவையும் மேல வந்ததும் யாரோ பார்த்துட்டுக் கீழ தள்றாங்க. மெசினத் திருகறத நிறுத்து. மிக்சிங்கப் பாரு."

மில்லில் இதுதான் முதல் பாடம். நூல் கெட்டால் இயந்திரத்தைத் திருகாதே, பஞ்சுக் கலவையில் என்ன மாறியது என்று பார். எனக்குத் தெரிந்த பாடம். ஐந்து பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் விஷயத்தில் ஒன்றரை மாதம் டோஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா காப்பியோடு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெள்ளகோவிலில் பெரியம்மா பேத்திக்குச் சீர். அம்மா பத்து நாள் இருந்தே ஆக வேண்டும். என்னையும் கூப்பிட்டாள், கூட்டத்தில் நிற்க முடியாது என்றேன். மாத்திரை டப்பாவில் ஏழு மூடியும் நிரப்பி, மிச்சத்தைத் தாளில் மடித்து வைத்தாள். பொடியை மறக்காமல் சாப்பிடச் சொல்லி மூன்று முறை சொன்னாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தனியாக இருக்கிறேன். அரிசியும் பருப்பும் சாதம், தேங்காய்த் துவையல், அப்பளம். பொடி டப்பாவைத் திறக்கவில்லை. காலையில் மொட்டைமாடியில் எட்டு இல்லை, தெருவில் நேர்கோடு. முப்பது நிமிடம். இடது காலில் மட்டும் முழங்கால்வரை இறுக்கும் மருத்துவக் காலுறை. கோலம் போட்டுக்கொண்டிருந்த செல்வாக்கா நிமிர்ந்து பார்த்து, "என்ன வாணி, ஒத்தக் காலுக்குத்தான் குளுருதா?" என்றாள். இன்னொன்று இன்னும் தறியில் இருக்கிறது என்றேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கிருஷ்ண ஜெயந்தி, லேப் விடுமுறை. நாளை போகலாம்.

ஆகஸ்ட் 28, புதன்

போகவில்லை. யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாத ஒரு வாரம் வேண்டியிருந்தது. இது முட்டாள்தனம் என்று எழுதும்போதே தெரிகிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பல் தேய்க்கும்போது ரத்தம். துப்பத் துப்ப நிற்கவில்லை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

5.4.

லேப்பில் இருந்தவர் இரண்டாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். டாக்டரை அழைத்தேன். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தலைவலி, வாந்தி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. "சாப்பாட்ல என்ன மாத்துன? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

ஒன்றும் மாற்றவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோதே, பத்து நாளாகத் திறக்காத பொடி டப்பா நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பொடி டப்பாவைத் திறந்து ஒரு கரண்டியை வெந்நீரில் போட்டேன். ஊறியதும் வாசனை எழுந்தது. கறிவேப்பிலை மேலே இருந்தது. அடியில், சந்தேகமே இல்லாமல், முருங்கைக்கீரை.

பிறகு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வாரம் எத்தனை உருண்டை சாப்பிட்டேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எண் இரண்டரையைத் தாண்டியதும் அடுத்து வந்த வாரத்தில் உருண்டை இரண்டு. இரண்டுக்குக் கீழே போனதும் அடுத்து வந்த வாரத்தில் உருண்டையே இல்லை. நான் அதை மறதி என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் ஏற்றிக்கொண்டே போனார். அம்மா இறக்கிக்கொண்டே இருந்தாள். அம்மா ஊருக்குப் போனதும் இழுத்துப் பிடிக்க இந்தப் பக்கம் ஆளில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

அம்மா வந்தாள். பலகாரப் பையை இறக்கி வைப்பதற்குள் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல என்ன இருக்குதும்மா?"

"கறிவேப்பிலை."

"பொறவு?"

முந்தானை முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "முருங்கை. நெழல்ல காய வெச்சது."

"டாக்டர் சொன்னது தெரியுமல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதுனாலதான்."

அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் மூன்று வருடமாக எழுதாமல் விட்டது இதைத்தான். அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். இதே மாத்திரை. இதே டப்பா. பங்குனியில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கஞ்சித் தண்ணி தவிர எதுவும் இறங்கவில்லை. அம்மா கடிகாரத்தில் அலாரம் வைத்து ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தாள். பத்தாம் நாள் தலை வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது எண் ஏழுக்கு மேல். தலைக்குள் ரத்தம் பரவியிருந்தது. நான் மில் விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டது.

"நேரந்தவறாமக் குடுக்கோணும்னு சொன்னாங்க. நேரந்தவறாமக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "என்ற கையால. உனக்கும் எண்ணு ஏற ஏற எனக்கு உங்கொப்பன் மூஞ்சிதான் தெரியுது."

நான் கீழுதட்டை விரலால் இழுத்து ஈற்றைக் காட்டினேன். பாவாடையைத் தூக்கித் தொடையைக் காட்டினேன்.

"எதுக்குப் பயந்தியோ அது இப்ப உன்னாலயே வந்திருக்கும்மா. நீ எறக்க எறக்க அவங்க டோஸ ஏத்துனாங்க. நீ ஊருக்குப் போனதும் அந்த டோஸு மட்டும் இருந்துச்சு, கீரை இல்ல. இனி என்ற ரத்தத்துல நீ கை வெக்காதே. டப்பாவக் குடு."

கொடுத்தாள்.

அப்பா விஷயத்தில் உன்மேல் தப்பில்லை, சாப்பாடு இறங்காத நாட்களில் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. இந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. சொல்லவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

அம்மா பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். நானும் பேசவில்லை. நடந்தேன், முப்பது நிமிடம்.

செப்டம்பர் 9, திங்கள்

முதல் முறையாகத் தனியாகப் பேருந்தேறிக் கோவை போனேன். எண் 1.9. டாக்டர், அம்மா எங்கே என்றார். வீட்டில் என்றேன். பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன், கேட்காததற்கும். மொட்டைமாடி, தெரு, ஆடிப்பெருக்கு அன்று நடந்தது, லேப்புக்குப் போகாமல் ஏமாற்றிய வாரம். பொடியில் முருங்கை கலந்திருந்தது என்றேன். யார் கலந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி இத்தனை நாள் உன் அம்மாவிடம் மட்டும் கேட்டது என் தவறு என்றார்.

வரைபடத்தைக் காட்டினேன். சார் சொன்ன ரம்பத்தையும் சொன்னேன். டாக்டர் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

கீரையை நிறுத்த வேண்டியதே இல்லையாம். கீரையே சாப்பிடாமல் இருந்தால்தான் ஒரு வாய் கூடினாலும் எண் ஆடும். தினமும் சாப்பிடு, ஆனால் ஒரே அளவு, டோஸை நான் அதற்குப் பொருத்திக்கொள்கிறேன் என்றார். நடையும் அப்படித்தான். ஆறு நாள் படுத்திருந்துவிட்டு ஏழாம் நாள் வெறிபிடித்து ஓடினால் ரத்தத்துக்கு நல்லதல்ல. தினமும் ஒரே முப்பது நிமிடம் போதும்.

ஐந்தரை மில்லிகிராம்.

திரும்பும் வழியில் உடுமலையில் இறங்கி, மயில்சாமி சாரிடம் பரிசோதனைக்கூடத்தின் பழைய எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தேன். நூல் சிட்டங்களை எடை போட்டுப் போட்டுத் தட்டு தேய்ந்திருந்தது. அடுப்படி மேடையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தாள்: முருங்கைக்கீரை, தினமும் 40 கிராம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அம்மா தாளைப் படித்தாள். தராசைச் சுற்றிவந்து பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை:

"காம்போடவா, காம்பில்லாமயா?"

"காம்பில்லாம."

கிள்ள ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு காட்டியது. இரண்டு இலை வைத்தாள். நாற்பத்தொன்று. ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

2.3. ஒன்று.

செப்டம்பர் 23, திங்கள்

2.5. இரண்டு. அம்மாவிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் கை நின்றது. நாளைக்கும் நாற்பதுதானா என்று கேட்டாள். நாற்பதுதான் என்றேன். சரி என்றாள். மாலையில் அவள் போட்ட பிறகு தராசை நான் சரிபார்த்தேன். நாற்பது. சரிபார்த்ததை அவள் பார்த்தாள். பார்க்கட்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

2.4. மூன்று.

மாமா வந்திருந்தார். அவர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மில்லுக்குப் போவதெல்லாம் சரிப்படாது, நாளைக்கு எதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, கட்டிக் கொடுக்கிற பெண்ணை விடுதியில் விட்டுவிட்டு நீ எப்படித் தூங்குவாய் என்று அரைமணி நேரம் பேசினார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில், "நீ என்ன சொல்றே சம்பூர்ணம்?" என்றார்.

"எங்கிட்ட ஏனுங்கண்ணா கேக்கறீங்க" என்றாள் அம்மா, நிமிராமல். "அவ பக்கத்துலதான உக்காந்திருக்கறா. அவ ரத்தம், அவ காலு. அவளையே கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். போகிறேன் என்றேன். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. இந்த முறை சொல்லாதது, தேவையில்லாததால்.

அக்டோபர் 7, திங்கள்

2.4. நான்கு.

சிவப்புக் கோடுகளுக்கு நடுவே நான்கு புள்ளிகள், ஒன்றுமே நடக்காததுபோல். சான்றிதழில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். மயில்சாமி சாருக்குப் படம் அனுப்பினேன். "மெசின் ரெடி" என்று பதில் வந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா அரிவாள்மனை, இடிகல், அப்பாவின் ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். தராசுக்கும் வைத்தாள். சந்தனம் தட்டில் படாமல் ஓரமாக வைக்கச் சொன்னேன், எடை மாறிவிடும். ஓரமாக வைத்தாள்.

பூஜை முடிந்து அவள் எழுந்தபோது சொன்னேன். அப்பா விஷயத்தில் அந்த வாக்கியத்தை. முழுதாக. அவள் பொரியை என் கையில் கொட்டினாள். கை நிறைந்து தரையில் சிந்திய பிறகும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 14, திங்கள்

வேலைக்குச் சேர்ந்தேன். விடுதிச் சமையல்காரம்மாவிடம் தராசைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இருநூறு பேருக்குப் பொங்குகிற இடத்தில் நாற்பது கிராமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

காலில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டது. தைராய்டு அடங்கியே இருக்கிறது. இன்றோடு ரத்த மாத்திரை நிறுத்தப்பட்டது. இனி கீரையை அளக்க வேண்டியதில்லை என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அடுப்படியில் புதுத் தராசு வாங்கி வைத்திருக்கிறாளாம். இன்றும் நாற்பது கிராம் போட்டுத்தான் சமைத்தாளாம், தனக்கு.